குறிப்புரை நிரல்

ஒவ்வொரு ஜனவரியிலும்
பிரதேச சபையின் நீலப் பேரேட்டோடு
பொகவந்தலாவை பஸாரில் இறங்குவேன்.
வியாபார அனுமதிக் கட்டணம் அறவிடுவது என் உத்தியோகம்.
போன வருஷம் நாற்பத்தொரு கடைகளில்
பத்தொன்பதுக்கு நேரே
"மூடப்பட்டுள்ளது" என்று எழுத வேண்டியிருந்தது.
ஐந்தாவதிலிருந்து "மேற்படி" என்று சுருக்கினேன்.
மழை. பேனா வேறு இழுபட்டது.

மூடிய ஷட்டருக்கு ஒரு சத்தம் உண்டு.
ஹட்டன் பஸ் திரும்பும்போது
வரிசையாக நடுங்கும்,
குளிர்காய்ச்சல்காரனின் தாடைபோல.

பதினேழாம் இலக்கம் முன்பு ஃபேன்சி ஹவுஸ்.
சொந்தக்காரர் கனடாவில்.
சாவி, பார்மஸி நவ்ஷாட்டிடம்;
நாலு வருஷமாக மருந்துச் சீட்டுகள் பறக்காமல்
அதுதான் பாரம்.

ஜூன் மழையில் ஓர் இரவு
ஓட்டோ தரிப்பிடத்தில் ஆரம்பித்ததாம் பேச்சு.
பஸாரில் சனமில்லையென்றால் ஹயருமில்லை என்று
கணக்குப் போட்டவன் திலகேஸ்வரன்.
ஊர்ப்பற்று என்றெல்லாம் அவன் சொல்லவில்லை.

நவ்ஷாட் வட்ஸ்அப்பில் கேட்டார்.
பதில் வர மூன்று நாள்:
"வாடகை வேணாம். கரண்ட் பில்லை நீங்க பாருங்க.
கண்ணாடி அலமாரிய மட்டும் ஒடைச்சிராதீங்க."
உடைந்தது.
முதல் நாளே, சுண்ணாம்பு அடிக்க ஏணி வைத்தபோது.

ஆளுக்கு ஒரு வாரம். ஐந்து பேர். சீட்டுக் குலுக்கல்.
முதல் சீட்டு புஷ்பலீலாவுக்கு,
குவைத்தில் ஒன்பது வருஷம்
யாரோ பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கேக் அடித்தவள்.
அடுத்தது பிரசாந்தன், போன் திருத்துவான்.
அப்புறம் சோமலதா, லீக்ஸும் கரட்டும்;
சிங்களத்தில் விலை சொல்லித் தமிழில் குறைப்பாள்.

பெயர்ப்பலகைக்குத்தான் சண்டை.
எந்த மொழி மேலே, எவர் பெயர் முதலில்.
வர்ணம் பார்த்தால்
பச்சைக்கும் சிவப்புக்கும் நீலத்துக்கும்
ஏற்கெனவே கட்சிக்காரர்கள் இருந்தார்கள்.
கடைசியில் வெறும் பலகையை மாட்டினார்கள்.
திங்கட்கிழமை வெண்கட்டியால் எழுதுவது,
அழிப்பதை மழை பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது வாரம் விற்பனை பூச்சியம்.
ஆறாவது வாரம் ஒருவர் விலகிக்கொண்டார்.
இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சம்பளத்துக்கு மறுநாள்
கொட்டியாகலைப் பெண்கள் நாலு பேர்
மழைக்கு ஒதுங்கி, பிறகு உள்ளே போனார்கள்.
ஒருத்தி ஒரு துண்டுக் கேக் வாங்கி
நாலாய் வெட்டித் தரச் சொன்னாள்.
வெட்டும்வரை நின்றார்கள்.
தின்ற பிறகும் நின்றார்கள்,
பஸ் போனதைக் கவனிக்காமல்.
திலகேஸ்வரனுக்கு ஒரு ஹயர்.

இந்த ஜனவரி
பக்கத்துக் கடை ஷட்டரையும் யாரோ
கிரீஸ் பூசி அரைவாசி தூக்கிவைத்திருந்தார்கள்.
அதற்கு மேல் அது வரவில்லை போலும்.

பதினேழின் வாசலில் பேரேட்டைத் திறந்தேன்.
உரிமையாளர் பெயர்: ஒரேயொரு கோடு,
நாலு பேர் அதில் அடங்கமாட்டார்கள்.
வியாபாரத்தின் தன்மை:
எந்த வாரம் கேட்கிறீர்கள் என்றான் பிரசாந்தன்.
"எவ்வளவு மிஸ் கட்டணும்?"
ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள் புஷ்பலீலா.

ஓரத்தில் குறிப்புரை என்றொரு நிரல் உண்டு.
விரலகலம்.
பன்னிரண்டு வருஷத்தில் அதை நான் தொட்டதேயில்லை.
பேனாவை உதறினேன்.
"பரிசீலனையில்" என்று எழுதினேன்,
கொஞ்சம் பெரிய எழுத்தில்.

பிரதம எழுதுவினைஞர் கேட்பார்.
கேட்கட்டும்.
அவருக்கும் ஒரு துண்டு கட்டி வாங்கினேன்,
காசு கொடுத்துத்தான்.