தடை உத்தரவு அமலில் உள்ளது

அக்லி ஆற்றில்
நான்கு வருடமாக நான் பார்த்தது கல்.
கல்லும், கல்லிடுக்கில் காய்ந்த நாணலும்,
யாரோ தள்ளிவிட்ட சூப்பர்மார்க்கெட் வண்டி ஒன்றும்.
பாலத்தில் போகிறவர்கள் எட்டிப்பார்ப்பதில்லை.
ஆறு என்று பலகையில் மட்டும் எழுதியிருந்தது.

நான் தண்ணீர் மீட்டர் பார்ப்பவள்.
பெர்ப்பிஞானுக்கு வடக்கே ஏழு ஊர்.
இரும்பு மூடியைத் தூக்கி
பல்லியை விரட்டி
எண்ணைக் குறித்துக்கொள்வேன்.
கோடையில் கூடுதல் வேலை:
யார் வீட்டுப் புல் பச்சையாயிருக்கிறது என்று
மோப்பம் பிடிப்பது.

சில்வெஸ்த்ர் பலகேரை அப்படித்தான் பிடித்தேன்.
விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
ஆப்ரிகாட் மரத்தடியில்
ஹோஸ் பைப்பின் மேல் உட்கார்ந்திருந்தார்,
சத்தம் கேட்காமலிருக்க.
ஆயிரத்து ஐந்நூறு யூரோ எழுதினேன்.
வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு,
"மீட்டரம்மா, இந்த ஊரில்
ஈரம் மிச்சமிருப்பது உங்கள் பேனாவில்தான்" என்றார்.

ஜனவரியில் காற்று திசை மாறியது.
இங்கே காற்றென்றால் மலையிலிருந்து வரும்,
வறட்டு இருமல்போல.
மேகத்தைத் துடைத்துக் கடலில் எறிந்துவிட்டுப் போகும்.
இது கிழக்கிலிருந்து வந்தது,
பாரமாய், உப்போடு, எருமை நடையில்.
வந்து மலைமேல் சாய்ந்தது.
மூன்று நாள் எழுந்திருக்கவில்லை.

கொடுக்கிற தெய்வம்
கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள்.
முதலில் கூரை போனது,
பள்ளிக்கூடத்தினுடையது, மீன் சங்கத்தினுடையது.
பிறகு கொடுத்தது,
போதும் என்று சொல்ல ஆளில்லாததுபோல்.

மண்ணுக்குக் குடிக்க மறந்துபோயிருந்தது.
ஓடாய் இறுகிக் கிடந்த அதன்மேல்
மழை வழுக்கிக்கொண்டு போனது
சாலைக்கு,
ரவுண்டானாவுக்கு,
ஜன்னலில்லாத அடித்தள அறைகளுக்கு.

அக்லி இரவு பதினொன்றுக்கு வந்தது.
முதலில் சத்தம்.
லாரிகள் வரிசையாய் வருகின்றன என்று நினைத்தேன்.
கற்கள்.
நான்கு வருடம் வெயிலில் பார்த்த அதே கற்கள்
இருட்டில் பல்லை நறநறவென்று கடித்தபடி.
கரையோரக் காரவான் ஒன்று
விளக்கு எரிய எரிய மிதந்து போனது.
உள்ளே யாருமில்லை என்று பிறகு சொன்னார்கள்.
பிறகுதான் சொன்னார்கள்.

மறுநாள் குழாயில் காபி நிறத் தண்ணீர்.
குடிக்கவேண்டாம் என்று நோட்டீஸ் ஒட்டினேன்.
விளையாட்டரங்கில் பாட்டில் விநியோகம்,
ஆறாறாகக் கட்டிய பாட்டில்கள்.
கோடையில் ஊர்க் கிணறு வற்றியபோது கொடுத்த அதே கம்பெனி,
அதே மேஜை, வரிசையிலும் அதே முகங்கள்.
கையெழுத்துத் தாளில் காரணம் என்ற கட்டத்தில்
வறட்சி என்றே அச்சடித்திருந்தது.
அடித்துத் திருத்தப் போனேன்,
நனைந்த தாள் கிழிந்தது.
அப்படியே விட்டுவிட்டேன்.

பலகேர் வரிசைக்கு வரவில்லை.
நான் போனேன்.
நாற்பத்தொரு மரத்தில் ஒன்பது நின்றன
இடுப்பளவு சேற்றில்.
ஒன்றின் கவட்டில் அந்த சூப்பர்மார்க்கெட் வண்டி.
அவர் மேட்டில் இருந்தார்,
மோட்டார் கழற்றிய ஆழ்துளைக் கிணற்றுக்குள்
போல்ட் கட்டிய கயிற்றை விட்டுக்கொண்டு.
மேலே இழுத்தார். ஈரம் தொட்ட இடத்தை
நகத்தால் கிள்ளிக் காட்டினார்.
"போன மாதம் இங்கே.
இப்போது இங்கே."
நடுவில் ஒரு சாண்.

மூன்று நாள் வானத்தில் ஒரு சாண்.
மிச்சமெல்லாம் கடலுக்கு.
கண்ணுக்கெட்டும் தூரம் கடல் பழுப்பு,
எங்கள் வயல்கள் அலையடித்துக்கொண்டிருந்தன.

நகராட்சிக் கதவில் ஜூன் மாத உத்தரவு இன்னும் தொங்குகிறது.
தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சத் தடை.
கண்ணாடிக்குள் மழை புகுந்து
முத்திரை நீலமாய் ஒழுகியிருக்கிறது.
ரத்து செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதமில்லை.

பழக்க தோஷம்.
திரும்பும்போது பலகேரின் தோட்டத்து மீட்டரைத் தேடினேன்.
முழங்கை வரை சேற்றில் விட்டுத் துழாவ
கண்ணாடி தட்டுப்பட்டது. துடைத்தேன்.
அபராதம் எழுதிய அன்று குறித்த அதே எண்.
ஒரு லிட்டர்கூட ஏறவில்லை.

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

பேனாவை எடுத்து உதறினேன்.
எழுதவில்லை.