கயிறு கட்டிய தெரு

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் ஒரே வழக்கு.
கம்ப்யூட்டர் என்கிறான் எவாரிஸ்டோ.
கன்சோல் என்கிறேன் நான்.
நீதிபதி ஒரு பிஸ்கட் டப்பா.
அதற்குள் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் பேசோ
யார் பக்கமும் சாயாமல் சுருண்டு கிடந்தது.

அவன் வாதம் நீளம்.
கிராபிக்ஸ் கார்டில் தொடங்கினால்
சூப் ஆறி ஆடை கட்டும்வரை ஓயாது.
இன்றைக்குப் பாதி வாங்கலாம், அடுத்த குளிர்காலம் மீதி,
கழற்றலாம், மாட்டலாம், கூட்டலாம்,
தள்ளுபடியில் கேம்கள் கொட்டிக் கிடக்கின்றன,
வருமான வரிக் கணக்கும் அதிலேயே போடலாம்.
"நீ என்றைக்குக் கணக்குப் போட்டாய்?" என்றேன்.
"அதுதான், கம்ப்யூட்டர் இல்லையே."

என் வாதம் குட்டை.
சொருகு, உட்கார், ஆடு.
திரை நீலமாகி நின்றுவிட்டால்
விடிய விடிய டிரைவர் தேடி அலைய என்னால் ஆகாது.
ஐந்தரைக்கு நண்டுத் தொழிற்சாலை வண்டி
தெருமுனையில் ஒரே ஒருமுறைதான் ஹாரன் அடிக்கும்.

சொல்லாத வாதமும் ஒன்று இருந்தது.
ஒன்பது வருடமாக ஐஸ் தண்ணீரில்
நண்டுக்கால் பிரிக்கிற கை இது.
சுண்டுவிரலும் மோதிரவிரலும்
இப்போதெல்லாம் என்னோடு பேசுவதில்லை.
மவுஸைப் பிடித்தால், பிடித்திருக்கிறேனா என்று
குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை
எதிர்வீட்டு ஃபபியோலாவின் பையன்
தன் கேம்பேடை என் கையில் திணித்தான்.
மூன்றாவது வளைவில் என் கார் பள்ளத்தில் விழுந்தது.
உள்ளங்கை அதிர்ந்தது.
அதிர்வு மெல்ல ஏறிப் போய்
அந்த இரண்டு விரல்களின் கதவையும் தட்டியது.
உள்ளே யாரோ இருமினார்கள்.

இதை எப்படிச் சொல்ல,
நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று
தூக்கத்திலும் எண்ணுகிற மனுஷனிடம்?

சனிக்கிழமை கடைக்குப் போனோம்.
"இரண்டுமே நல்லதுதான்" என்றார் கடைக்காரர்.
இரண்டையும் விற்கிற வாய் வேறென்ன சொல்லும்.
நாங்கள் வாய்தா கேட்க வாயெடுத்தபோது
ரேடியோ குறுக்கிட்டது:
பூந்தா அரேனாஸில் மாலைக்குள்
காற்று நூற்றுப் பத்தைத் தொடும்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சொன்னார்:
"எதுவானாலும் இப்போதே."

வெளியே நகராட்சி ஆட்கள்
கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டியிருந்தார்கள்.
ஒரு கிழவர் இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டு
பறந்துபோகிற தன் தொப்பியைப் பார்த்து நின்றார்,
வழியனுப்ப வந்தவர் மாதிரி.

எவாரிஸ்டோ அவரைப் பார்த்தான்.
கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்தான்,
மானிட்டர் பெட்டியைப் பார்த்தான்,
தன் கைகளை எண்ணினான்.
என்னுடையதையும் சேர்த்து எண்ணினான்.
பிறகு மூலையிலிருந்த சின்னப் பெட்டியைக் காட்டினான்.
"ஒரு கை கயிற்றுக்கு வேண்டும்" என்றான்.

அவ்வளவுதான் தீர்ப்பு.
மூன்று மாத வாதத்தில் நாங்கள் இருவருமே சொல்லாத காரணம்.

வீட்டுக்கு வந்து சொருகினோம், உட்கார்ந்தோம்.
ஆட விடவில்லை.
அப்டேட் என்றது. அறுபத்திரண்டு ஜிபி.
பத்து மணிக்கு நான்கு சதவீதம்.
கூரைத் தகரம் படபடத்தது.
"கம்ப்யூட்டராக இருந்தால்..." என்று இழுத்தான்.
"கம்ப்யூட்டராக இருந்தால்
இந்நேரம் ஜலசந்தியைத் தாண்டி
அக்கரைத் தீவில் போய் இறங்கியிருக்கும்."

மூன்று மணிக்குக் கோடு நிறைந்தது.
கேம்பேடை மடியில் வைத்தபடியே
அவன் தூங்கிப்போயிருந்தான்.
மெதுவாக எடுத்துக்கொண்டேன்.
பாதை அகலம், வெயில் நாள், எதிரில் ஒரு வண்டியில்லை.
நேராகப் பள்ளத்துக்கு ஓட்டினேன்.

பாதிக் கண் திறந்தான்.
"உனக்கு ஓட்டவே தெரியலை" என்றான்.
ஆமாம் என்றேன்.
அடுத்த பள்ளம் எங்கே என்று தேடினேன்.