கை நிறையத் தண்ணீர்

பாயான் லெப்பாஸ், இரவு ஷிஃப்ட்.
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்புக்குள்
நானும் ரோஹாயாவும் ஒரே ஆள்.
கொக்கியில் தொங்கும் நூற்றிருபது குழாய்கள்
தொட்டிக்குள் இறங்கி
அவசரமே இல்லாமல் ஏறி வருகின்றன.
பூச்சு கண்ணுக்குத் தெரியாது.
ஈரத்தில் தொட்டால் மட்டும்
விரால் மீன் மாதிரி நழுவும்.

ரத்தம் அந்நியரைச் சும்மா விடாது.
குழாய் நுழைந்த நொடியே புரதம் வந்து படியும்,
அதன்மேல் கிருமி
புறம்போக்கு வீடு கட்டும்,
அப்புறம் பட்டா கேட்கும்.

பத்து மாவுங் படகுத்துறையில்
ஆ கியாட் படகைக் கவிழ்த்துப் போட்டுக்
கொட்டலசு சுரண்டுவதைப் பார்த்திருக்கிறேன்.
கடலோ கழுத்து நரம்போ,
காலி இடம் என்று ஒன்று இல்லை.

"தாமரை இலைத் தண்ணீர் மாதிரிதானே?"
வேலைக்குச் சேர்ந்த வாரம் கேட்டேன்.
எஞ்சினியர் குணசீலி சிரித்தாள்.
"நேர் எதிர், அக்கா.
தாமரை தண்ணியத் தள்ளிவிடும்.
இது கட்டிப் பிடிச்சிக்கும்.
ஒரு கையில கூட்டல், மறு கையில கழித்தல்,
மொத்தம் பூஜ்யம்.
ரெண்டு கையிலயும் தண்ணி.
வேற எதப் பிடிக்கும்?"

வீட்டில் அவருக்குக் கழுத்தில் குழாய்.
வாரம் மூன்று நாள் ஜெலுத்தோங், நாலு மணி நேரம்.
நாளுக்கு அரை லிட்டர்தான் குடிக்கலாம்.
காலையில் அளந்து போத்தலில் ஊற்றி
மிச்சத்தை நான் ஒளித்து வைக்கிறேன்.
இரண்டு வருஷமாய்க் கல்யாணம் காட்சி இல்லை,
தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறவில்லை.
"ராஜமலர் யாரோடயும் ஒட்டமாட்டேங்கிறா"
நாத்தனார் சொன்னது
சுற்றிக்கொண்டு என் காதுக்கே வந்தது.
ஒட்டக்கூடாது என்றா இருந்தேன்?
கை காலியாக இல்லை, அவ்வளவுதான்.

போன மாதம் கட்டில் ஆட ஆடக் குளிர்காய்ச்சல்.
குழாயில் கிருமி என்றார்கள்.
உருவிப் போட்டதை நான் பார்க்கவில்லை.
புதியதின் உறையை மட்டும் நர்ஸிடம் கேட்டு வாங்கி
லாட் எண்ணைப் படித்தேன்.
எங்களுடையது இல்லை.
எந்த ஊரிலோ யாரோ
தூங்காமல் தோய்த்தது.
அந்த ராத்திரி
அவள் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லாமல்
இருந்திருக்கட்டும்.

விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
எண்பத்தேழாம் குழாயில்,
நுனிக்குச் சற்று மேலே,
எள்ளளவு குமிழி.
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
ரோஹாயாவும் பார்த்துவிட்டாள்.
ஒன்றும் சொல்லாமல்
சிவப்புப் பெட்டியை என் பக்கம் நகர்த்துகிறாள்.