கொசுறு

ஈவூ மொத்தச் சந்தை, இரண்டாம் மாடி.
நோட்டரி ஹுவாங்ஃபூ ஆறடி தள்ளி வருகிறார்,
சட்டைப் பித்தானில் கேமரா, பையில் முத்திரைத் தாள்.
வாங்க வந்தவள் நான்; பார்க்க வந்தவர் அவர்.
எங்கள் தொழிலில் பார்த்தவர் சொல்தான் செல்லும்.

உரிமத்தில் அவள் பெயர் ஷி யுன்ச்சாவ்.
வாயில் சூரியகாந்தி விதை.
ஸ்டாண்டில் நிற்கும் போனில் நேரலை விற்பனை.
முதுகுக்குப் பின்னே கூரை முட்ட
மஞ்சள் மழைச்சட்டை போட்ட நீர்நாய்கள்.

என் கட்சிக்காரர் வரைந்த நீர்நாய்க்கு
மடிந்தது இடக்காது.
பதிப்புரிமைப் பதிவில் அந்தக் காதுக்கென்றே ஒரு வரி உண்டு.
இங்கே தொங்கும் அத்தனைக்கும் வலக்காது.
'எங்களுடையது வேறு பிராணி' என்பார்கள் நாளைக்கு.
எனக்குத் தெரியும்:
யாரோ செல்ஃபி கேமராமுன் பொம்மையைத் தூக்கிக் காட்ட,
யாரோ அந்தத் திரையைப் பிடித்து
அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.
கண்ணாடிக்குள் புரண்ட காது அது.
கைரேகை இல்லாத திருட்டில்
கைமாறிய காது.

"யாருக்கு?"
"மகளுக்கு. ஐந்து வயது. மழையென்றால் உயிர்."
"மூன்று எதற்கு?"
"தொலைத்துவிடுவாள்."

சிரித்தாள்.
மூன்றுக்கும் பில் போட்டு, கடை முத்திரை குத்தி,
நான் திரும்புகையில்
நான்காவது ஒன்றைப் பைக்குள் திணித்தாள்.
கொசுறு.

நோட்டரி அலுவலகத்தில் அதை மேசைமேல் வைத்து
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
எண்ணிக்கை மூன்றா நான்கா?
ஹுவாங்ஃபூ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சட்டத்தில் அவளுக்கு ஒளிய இடமில்லை:
விற்றாலும் விநியோகம், கொடுத்தாலும் விநியோகம்.
எழுதினார்:
பொருள் நான்கு. விலை, பூஜ்யம் யுவான்.
பெட்டியைச் சுற்றித் தாள் ஒட்டி
சிவப்பு முத்திரையை அழுத்தினார், மூச்சைப் பிடித்து.

விசாரணை இணையத்தில்.
நீதிபதி ஒரு சதுரம், நான் ஒரு சதுரம்.
அவள் கடையிலிருந்தே வந்தாள்,
பின்னால் காலிக் கொக்கிகள்.
காதைப் பற்றி நான் பேசிய இருபது நிமிடமும்
தலையாட்டிக்கொண்டிருந்தாள்,
வேறு யாரோ செய்ததைக் கேட்பவள்போல.
"நான் வரையவில்லை. வந்தது, விற்றேன்."
"நான்காவது?" என்றார் நீதிபதி.
"அது விற்கவில்லையே ஐயா. குழந்தைக்குக் கொடுத்தது."

நோட்டரி பதிவு, பக்கம் ஆறு.
பித்தான் கேமரா கேட்டதெல்லாம் அதில் உண்டு.
'வாங்குபவர் கூறியது: மகள், வயது ஐந்து.'
அரசு முத்திரையின் கீழ்
எனக்கொரு பெண் இருக்கிறாள்.
ஹுவாங்ஃபூவுக்குத் தெரியும், எனக்கு யாரும் இல்லையென்று.
கேட்டதை எழுதுவதுதான் அவர் வேலை.

நஷ்டஈடு பெரிதில்லை. அச்சு வார்த்தவன் அகப்படவில்லை.
நீதிபதியின் சதுரம் மறைந்தபின்
அவள் திரையருகே குனிந்தாள்.
"எத்தனை தொலைத்தாள்?"

என் மைக் வேலை செய்யவில்லை என்று
கையால் சைகை காட்டினேன்.
வேலை செய்துகொண்டுதான் இருந்தது.