லிட்டருக்குப் பத்து

விற்றவன் பதினாலு என்றான்.
விற்கும்போது எல்லா வண்டியும் பதினாலுதான் தருகிறது.
மேடில்லாத ஏதோ ஊரில், ஆள் ஏறாத சீட்டோடு,
எதிர்க்காற்றும் ஒதுங்கி வழிவிட்ட ஒரு நாளில்
யாரோ ஓட்டிப் பார்த்த பதினாலு.

எங்கள் சுமோ இரண்டாயிரத்து மூன்று மாடல்.
கோட்டயம் பதிவு. எங்களுக்கு முன்னால் மூன்று பேர் கை.
விடிகாலை நாலே முக்காலுக்குப் போடியில் கிளம்பும்
பதினோரு பெண்கள், பதினோரு தூக்குச்சட்டி.
முந்தல் செக்போஸ்ட் தாண்டியதும்
இரண்டாம் கியரில் முனக ஆரம்பித்து
பதினேழு ஊசி வளைவும் முனகி
பூப்பாறை ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடும்.
சாயங்காலம் அதே பதினோரு பேர்,
விரலெல்லாம் ஏலக்கறை ஏறி.

ஒச்சப்பன் ஓட்டுவார். வகுப்பது நான்.
ஞாயிறு ராத்திரி போடி பங்கில்
வாய் வரை நிரப்பி பில்லைக் கொண்டுவந்து தருவார்
(கேரளத்தில் விலை கூடுதல், அங்கே ஒரு சொட்டு போடுவதில்லை).
மளிகை நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப்
பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

நானூற்று முப்பத்திரண்டு கிலோமீட்டர்.
நாற்பத்தாறு லிட்டர்.
ஒன்பது புள்ளி நாலு.
மழை வாரம் ஒன்பது.
பேபிச்சன் பட்டறையில் ஃபில்டர் மாற்றிய வாரம்
ஒன்பது புள்ளி ஆறு, அன்றைக்குச் சேமியா பாயசம்.
"ஈ வண்டிக்கு தாகம் கூடுதலா" என்பார் பேபிச்சன்,
கையைத் துடைத்தபடி,
மாடு பார்க்கும் வைத்தியர் மாதிரி.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு
பில்லை நீட்டாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.
"போட்டுப் பாரு."
நானூற்று முப்பத்திரண்டு.
நாற்பத்து மூன்று புள்ளி இரண்டு.
மீதியே இல்லாமல் வகுபட்டது.
பத்து.

மூன்று வருட நோட்டில்
இரட்டை இலக்கம் அதுதான் முதல் தடவை.
மிச்சம் இருநூற்றறுபது ரூபாய் வரும்,
எஃப்.சி.க்குச் சேர்க்கும் டப்பாவில் போட்டார்.
அந்த நேரத்தில் அவர் முகம் இருந்த விதத்தை
நான் எழுதப்போவதில்லை.

படுத்தால் தூக்கம் வரவில்லை.
டயர் அதே டயர், நாசில் அதே நாசில்,
பதினோரு பேரில் ஒருத்தியும் இளைத்திருக்கவில்லை.
ஏற்றத்தில் மிச்சம் பிடிக்க வழியில்லை.
ஏற்றம் கடன் சொல்ல விடாது,
ரொக்கமாக எண்ணி வாங்கிக்கொண்டுதான் மேலே அனுப்பும்.

மறுநாள் ரேஷன் கடை வரிசையில் ஜக்கம்மா:
"உங்க வீட்டுக்காரரு நல்லா ரிப்பேர் பாத்திருக்காரு மதினி.
இறங்கையில வண்டி சத்தமே இல்ல.
போன வாரம் பூரா பாட்டுப் பாடிக்கிட்டு வந்தோம்.
பள்ளத்துல தண்ணி விழுகுறதுகூடக் கேக்குது."

பாமாயில் டப்பாவை இறுக்கி மூடினேன்.
மூடியது போதவில்லை என்று
திரும்பவும் இறுக்கினேன்.
எஞ்சின் நின்ற சுமோவில்
பிரேக் இரண்டு மிதிக்கு வரும்.
மூன்றாவது மிதிக்குக் கல்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாவதாக நான் ஏறினேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.
பகலெல்லாம் பேபிச்சன் கடை பெஞ்சில் இருந்தேன்.
இறக்கத்தில் முன்சீட்டு.
மேலிருந்து மூன்றாவது வளைவு.
கீழே போடி விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன.
அவர் கை ஸ்டியரிங்கை விட்டுச் சாவிக்குப் போனது.
அங்கே என் கை இருந்தது.

"இறக்கந்தான, சும்மாதான உருளுது" என்றார்
ரோட்டைப் பார்த்தபடி.
ஒன்றும் சொல்லவில்லை நான்.
பின்னால் யாரோ வெற்றிலை கேட்டார்கள்,
யாருக்கோ பேரன் பிறந்திருந்தான்.
இரண்டாம் கியர் விழுந்தது.
வண்டி அடிவயிற்றிலிருந்து உறுமியது.
சாவி சூடாக இருந்தது,
முந்தல் வரும்வரை விடவில்லை.

அந்த ஞாயிறு:
நானூற்று முப்பத்திரண்டு. நாற்பத்தேழு.
ஒன்பது புள்ளி இரண்டு.
நன்றாகக் குடித்திருக்கிறது.
இருக்கட்டும்.

ஜக்கம்மாவுக்குத்தான் குறை:
"திரும்பவும் கெட்டுப்போச்சா மதினி?
பாடினா பக்கத்துல இருக்கிறவளுக்கே கேக்கல."