அரைப்புள்ளிகள்

நோபிள் பார்க், யூலை மாதத்து ஞாயிறு.
சமையல் மேசையில்
நூற்றெண்பது டொலர் மடிக்கணினி.
விற்ற டுக் சொன்னான்:
"எல்லாம் போட்டிருக்கு, சிஸ்டர். முப்பது நாளைக்கு."

இருபத்து மூன்று போய்விட்டது.
திரையின் மேல்விளிம்பில் ஒரு மஞ்சள் பட்டை
வீட்டு முகவரைப் போலப் பணிவாக
மாதக் காசை நினைவூட்டுகிறது.

வீடு வாடகை. கார் தவணை.
எழுத்துக்கும் வாடகை கட்டினால்
ஒரு மாதம் தவறும்போது
என் கடிதத்துக்கு வெளியே நின்று
கதவைத் தட்ட வேண்டி வருமா?

பழைய கணினியில் இருந்தது கள்ளச் சரக்கு.
ஐந்து டொலருக்கு ஒரு பெடியன்
குறுவட்டில் கொண்டுவந்தது.
பதின்மூன்று வருஷம் ஓடியது.
குற்றவுணர்வும் கூடவே ஓடியது என்றால்
அது பொய்.

கௌசிகா தொலைபேசியில் சொல்கிறாள்:
"இலவசமா ஒண்டு இருக்கு, சுதந்திர மென்பொருள்."
ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லாம்.
பாவம், விளக்கம் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.
எனக்கு அந்தக் குழப்பமில்லை.
இலவசம், வரிசையில் நின்று வாங்குவது.
சுதந்திரம்
…அதற்கும் வரிசை இருந்தது.
பாஸுக்கு, முத்திரைக்கு, நேர்காணலுக்கு.

அதையும் இறக்கினேன்.
இரண்டையும் ஒரே கோப்பால் சோதித்தேன்:
விசா வழக்குக்குக் காசு தந்த
நாற்பத்தொரு பேரின் பட்டியல்.

தொகைகள் இரண்டிலும் சரியாக வந்தன.
கூட்டல் ஒரு சதம் பிசகவில்லை.
பெயர்கள்தான்.
பாமினியில் அடித்த பெயர்கள்.
அந்த எழுத்துரு பழைய கணினியோடு போய்விட்டது.
வாடகைப் பெட்டியிலும் இலவசப் பெட்டியிலும்
ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை.
மெய்யின் தலையில் இருந்த புள்ளியெல்லாம்
கீழே இறங்கி
அரைப்புள்ளியாய் நின்றன.

"எழுத்துரு நாளைக்கு அனுப்புறன், படு," என்றாள் கௌசிகா.

கடைசி நிரலில் நாற்பது தடவை
ஆர், யு, பி.
அது 'சரி' என்று பிடிபட நேரமாகவில்லை.
முப்பத்தாறாம் வரிசையில் மட்டும்
கட்டம் வெறுமை.
தொகை நானூறு.
பெயர்: ஜி, யு, பி, கே, எஸ், எஃப், எச்,
இ, ஓர் அரைப்புள்ளி, ஜே, பி.

கண்ணை மூடி
விசைகளில் கையை வைத்தேன்.
இடது சுட்டுவிரல் அசைந்தது. ப.
வலது சுட்டுவிரல், பிறகு சுண்டுவிரல். ரி.
நடுவிரல் ம. மற்றக் கையின் மோதிரவிரல் ள.
இரண்டு சுட்டுவிரல்களும் சேர்ந்து கா.
மென்பொருள் மறந்ததை
நகம் உடைந்த விரல்கள் வாசித்தன.

பரிமளகாந்தி.

வன்டின் ஸ்ட்ரோபெரித் தோட்டத்தில்
எனக்குப் பக்கத்து வரிசை.
தன் கூடை நிறையமுன்
என் கூடைக்குள் இரண்டு கை போடுவாள்.
நானூறையும் ஈரக் கையுறைக்குள் சுருட்டித் தந்தாள்.
பிறகு பேர்த் என்றார்கள். பிறகு ஒன்றுமில்லை.
நான் மறந்தேன் என்றில்லை.
பட்டியலில் இருக்கிறாள்தானே என்று
மறக்க விட்டேன்.

ஒருங்குறியில் அவளைத் திருப்பி அடித்தேன்.
உடனே கீழே சிவப்பு நெளிகோடு:
இப்படி ஒரு சொல் தெரியாது.
'அகராதியில் சேர்' என்பதை அழுத்தினேன்.

மற்றதிலும் அந்த வசதி உண்டு.
ஆனால் அவளை
நான் முதலில் சேர்த்தது இதில்.
என் தெரிவு அவ்வளவுதான்,
யாராவது காரணம் கேட்டால்.

நாலரைக்கு எழும்ப வேண்டும்,
குளிர்களஞ்சிய வேலை.
மஞ்சள் பட்டைக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது.
முப்பத்தாறாம் வரிசையின் வெறுங்கட்டத்தில்
சுட்டி
மினுங்கிக்கொண்டே நிற்கிறது.