இருபத்திரண்டு

புளியரை எடைமேடையில் எனக்கு இரவுப் பணி.
வைக்கோல், எம்-சாண்ட், தக்காளி
ஏறும், நிற்கும், சீட்டு வாங்கும்,
எஸ் வளைவில் உறுமிக்கொண்டே
கேரளத்துக்குள் போகும்.

எண்பது ரூபாய்க்குச் சில்லறை இல்லையென்று
புனலூர் சஜீவன் அடகாக வைத்துப்போனது
நகத்தளவு பென்டிரைவ்.
"பாட்டாணு சேச்சி. நாளை எடுக்காம்."
அவருடைய நாளைக்குப் பதினொரு நாள்.

சினிமாப் பாட்டு என்றுதான் செருகினேன்.
ஒரு பொம்பளை, இங்கிலீஷில்,
தூக்கம் கலையாத குரலில்
யாரிடமோ பழைய பாக்கியைக் கேட்டாள்.
பின்னால் பித்தளைக் குழல் ஒன்று
அதை நம்பாமல் இழுத்தது.
ஒர்லீன் டேவ்ஸ் என்று பெயர்.
பாட்டுகளுக்குப் பெயரில்லை, நாற்பத்தொரு எண்கள்.
"ஜாஸ்" என்றான் முதலாளி மகன்.
அதற்குமேல் அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

போனில் ஏழு பாட்டுக்குத்தான் இடம்.
மிச்சமெல்லாம் மகள் பள்ளியில் ஆடிய வீடியோக்கள்,
அவற்றில் கை வைக்க மாட்டேன்.

முதலில் வேகமானவையாய்ப் பொறுக்கினேன்,
கண் சொக்காமல் இருக்க.
பன்னிரண்டு பாதியிலேயே போனது.
சாரல் பிடித்த அன்று
ஒன்பது பொய்யாகிவிட்டது, எடுத்தேன்.
முப்பத்தொன்று ஓடுகையில்
கேபினில் படுத்திருந்த ஒருவர் தலையை நீட்டி
"யாரு தாயி செத்தது?" என்றார்.
அதற்காகவே முப்பத்தொன்றை வைத்துக்கொண்டேன்.

லாரி ஏறியதும் சிவப்பு எண் நிற்காது.
பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது,
தொண்ணூறு, மறுபடி எழுபது.
அடங்கின பிறகே அச்சடிக்க வேண்டும்.
அவளும் அப்படித்தான்,
தாளம் விழுந்து
சற்று ஆடிப் பார்த்துத்தான்
சொல்லின்மேல் காலை வைப்பாள்.

இருபத்திரண்டில் அவளுக்குச் சொல் மறந்துபோகும்.
இங்கிலீஷ் தெரியாத எனக்கு எப்படித் தெரியும்?
பியானோ அதே இடத்துக்கு இரண்டு முறை வந்து
வாசலில் நிற்கிற மாதிரி நிற்கும்.
அவள் த, பா, டு என்று எதையோ உருட்டுவாள்.
சிரிப்பாள், ரொம்பச் சின்னதாய்.
கூட்டத்தில் யாரோ இருமுவார்.
அந்த அரை நிமிடத்தை
எத்தனை தடவை ஓட்டினேன் என்பதற்குச் சீட்டு இல்லை.

சஜீவன் வந்தார். எண்பதை எண்ணி வைத்தார்.
"எல்லாம் கேட்டோ சேச்சி?
அந்த இருபத்திரண்டு மட்டும் நான் தள்ளிவிடும்.
பாடான் மறந்துபோச்சு அவள்.
எனிக்குப் பன்னிரண்டு மதி."

எனக்கு முகம் சுண்டிவிட்டது,
என்னைச் சொன்ன மாதிரி.
பென்டிரைவை நீட்டிய கையை
அப்படியே இழுத்துக்கொண்டேன்.
"பத்து நிமிஷம் நில்லும்."

பன்னிரண்டை ஏற்ற ஒன்றை இறக்க வேண்டும்.
நான்கை இறக்கினேன்.
பின்னால் வாழைத்தார் லாரி இரண்டு ஹாரன் அடித்தது.
சஜீவன் ஜன்னலில் முழங்கையை ஊன்றி,
என் போனைக் காதோரம் பிடித்து,
எந்த இடம் என்று விரலால் காட்டினார்.
அந்த இடத்தில் எனக்கு மழைதான் கேட்டது.

கோட்டவாசல் ஏற்றத்தில் அவர் வண்டி தேயும்வரை
இன்னொரு தரம் போட்டேன்.
பிடிக்கவில்லை இன்னும்.
வாழைத்தார் மேடையேறிவிட்டது.
எண் ஆடுகிறது.